சுமை ஏறினால்தான் பேசும் வண்டி: ட்ரெய்லரோடு ஒரு மலைவழிப் பயணம்

பிப்ரவரி 9: சமவெளி, நல்ல வெயில், எதிர்காற்று

புறப்பட்டு ஒரு மணி நேரம் வண்டி ஒழுங்காக ஓடியது. கியர்பாக்ஸ் நன்றாகச் சூடேறிய பிறகுதான் உதறல் ஆரம்பித்தது. மணிக்கு 75 முதல் 85 கி.மீ. வேகம், ஆறாவது கியர், ஆக்சிலரேட்டர் பாதிக்கும் குறைவு. இந்த நிலையில் லேசான மேடு வந்தால் போதும், வேகத்தடைக் கோடுகள் மேல் ஓடுவது போல இரண்டு மூன்று விநாடி ‘டர்ர்ர்’ என்று ஓர் அதிர்வு. அப்புறம் சுத்தமாக நின்றுவிடும். அடுத்த மேட்டில் மறுபடியும் வரும்.

இனி வரும் எண்களுக்காக வண்டியின் விவரம்: நான்கு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் பிக்கப், டர்போ உண்டு, ஆறு கியர் ஆட்டோமேட்டிக், டயர் 265/65 ஆர்17, பின் அச்சின் கிரவுன்-பினியன் (சக்கரங்களைச் சுற்றும் பற்சக்கர ஜோடி) விகிதம் 3.9. பின்னால் இரட்டை அச்சு ட்ரெய்லர், சரக்கோடு 1,900 கிலோ.

பயணத்துக்கு முன் பட்டறையில் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்து “ஒன்றும் இல்லை” என்று சாவியைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அவர்கள் பார்த்தவரை அது உண்மைதான். காலி வண்டி 80 கி.மீ. வேகத்தில் ஓட இன்ஜின் கொடுக்க வேண்டிய முறுக்குவிசை மிகக் குறைவு. நழுவத் தொடங்கிய கிளட்சும் தேய்ந்த ஜாயின்ட்டும் அந்த விசையில் வாய் திறக்காது. இழுவைச் சிக்கலைக் கண்டுபிடிக்க முதல் கருவி சுமைதான், வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் அதற்குப் பிறகு.

உதறல் வந்தால் முதல் கேள்வி, அது எதைப் பின்தொடர்கிறது என்பது. இன்ஜின் சுற்றையா, சாலை வேகத்தையா, மிதிக்கும் அளவையா? பாகத்தின் பெயரைப் பிறகு தேடலாம். இந்த வண்டிக்கு ஒரு தாள் கணக்கு போதும். டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.4 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 9 முறைக்குச் சற்று மேல் சுற்றும். அதை 3.9 ஆல் பெருக்கினால், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் விநாடிக்கு 36 சுற்று, நிமிடத்துக்கு 2,170 அளவு. ஆறாவது கியர் விகிதம் 0.69 என்பதால் இன்ஜின் 1,500. ஐந்தாவதில் விகிதம் 0.87, இன்ஜின் 1,900க்குச் சற்றுக் கீழே. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிதல் நடப்பதால் 1,500 சுற்றில் அதன் துடிப்பு விநாடிக்கு 50.

ஆகவே விநாடிக்கு 9 முறை குலுங்கினால் டயர், ரிம், ஹப். 36 என்றால் ஷாஃப்ட் சமநிலை இழந்திருக்கிறது அல்லது கோணலாகியிருக்கிறது. 72 என்றால் ஷாஃப்டின் முனையிலுள்ள வளையும் மூட்டான யு-ஜாயின்ட், ஏனென்றால் அது ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும். கைபேசியின் அதிர்வு அளவிச் செயலியை இருக்கைச் சட்டத்தில் ஒட்டிவைத்தால் இந்த எண் கிடைத்துவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விநாடிக்கு 100 முறை மட்டும் பதியும் கைபேசி 50க்கு மேற்பட்ட அதிர்வைச் சரியாகக் காட்டாது. 72 அதிர்வை 28 என்று பொய்யாகக் காட்டும் வாய்ப்பும் உண்டு.

இங்கே செயலி காட்டிய எண் ஒரே இடத்தில் நிற்கவில்லை. அதுவே ஒரு துப்பு. சுற்றும் பாகமாக இருந்தால் வேகத்தோடு ஒட்டி நிற்கும். வேகத்தை மாற்றாமல் ஐந்தாவது கியருக்கு இறக்கியதும் உதறல் போனது. அப்படியானால் ஷாஃப்ட், சக்கரம், ஹப் எதுவும் இல்லை. அவை அதே வேகத்தில்தான் சுற்றிக்கொண்டிருந்தன. மீண்டும் ஆறாவதுக்குப் போய், உதறும்போது வலது காலை எடுக்காமல் இடது காலால் பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொட்டதும் இன்ஜின் சுற்று 1,500லிருந்து 1,750க்குத் தாவியது, உதறல் அந்த நொடியே நின்றது. பின்னால் வண்டி வராத நேரான சாலையில் மட்டும் இதைச் செய்ய வேண்டும். டார்க் கன்வெர்ட்டர் இன்ஜினின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம், அதன் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் நேராகப் பூட்டுவது. பிரேக் சுவிட்ச் அழுத்தப்பட்டால் அந்த லாக்-அப் விடுபடும். அதன் பிறகு இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் மட்டும்தான்.

பலர் இந்த இடத்திலேயே “கன்வெர்ட்டர் போச்சு” என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவசரம். ஒரு சிலிண்டர் மட்டும் சுமையில் சரியாக எரியாவிட்டாலும் இதே போலத்தான் இருக்கும். லாக்-அப் பூட்டியிருக்கும்போது அந்தத் துள்ளல் நேராக ஷாஃப்டுக்குப் போகும். லாக்-அப் விடுபட்டால் எண்ணெய் அதை விழுங்கிவிடும். பிரேக் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. பிரிப்பதற்கு ஸ்கேனரில் இரண்டு வரி பார்க்க வேண்டும். முதலாவது, லாக்-அப் நழுவல், அதாவது இன்ஜின் சுற்றுக்கும் கியர்பாக்ஸ் உள்ளீட்டுச் சுற்றுக்கும் உள்ள வித்தியாசம். முழுதாகப் பூட்டிய நிலையில் அது பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். சில கியர்பாக்ஸ்கள் வேண்டுமென்றே 20, 30 சுற்று நழுவவிடும், ஆனால் அந்த எண் ஆடாது. இரண்டாவது, இன்ஜெக்டர் திருத்த அளவுகள், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு. நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட்டு விலகி நின்றால் சந்தேகம் இன்ஜின் பக்கம். இங்கே நான்கு இன்ஜெக்டரும் ஒரே வரிசை. நழுவல் மட்டும் உதறும்போதெல்லாம் 5க்கும் 80க்கும் இடையே துள்ளியது. கிளட்ச் பிடிப்பதும் நழுவுவதும் மாறி மாறி நடக்கிறது. சந்தேகம் தீர்ந்தது.

லாக்-அப் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லும் பி0741 போன்ற கோடு (கணினி எழுதும் பிழைக் குறியீடு) எதுவும் பதிவாகவில்லை. நழுவல் நீண்ட நேரம் அதிகமாக நீடித்தால்தான் கணினி அதைக் குற்றமாக எழுதும். ‘கோடு இல்லை, ஆகவே கோளாறு இல்லை’ என்று சொல்கிறவரிடம் வாதாடிப் பயனில்லை. நழுவல் வரியைப் பதிவு செய்து காட்டுவதே மேல்.

மாலையில் ஓய்விடத்தில் நின்றபோது பக்கத்து லாரிக்காரர் கேட்காமலே வந்து ட்ரெய்லர் ஹப்புகள் அருகே புறங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “இடது பின்னாடி கொதிக்குதுங்க” என்றார். அகச்சிவப்பு வெப்பமானியில் மூன்று ஹப்புகள் 48 முதல் 52 டிகிரி. நான்காவது 83. ஒரே அச்சின் இரு பக்கத்துக்கும் 20 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அப்படியே விடக்கூடாது. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றினால் சக்கரம் கால் சுற்றிலேயே நின்றது, ஆனால் கரகரப்பு இல்லை. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டமும் இல்லை. பேரிங் நன்றாக இருக்கிறது, பிரேக் ஷூ உரசுகிறது. அட்ஜஸ்டரைச் சில பற்கள் பின்னுக்குத் திருப்பியதும் சக்கரம் தாராளமாகச் சுற்றியது. இப்படி உரசும் ஒரு சக்கரம் ‘வண்டிக்கு இழுவை இல்லை’ என்ற புகாராகவும், கியர்பாக்ஸ் சூடாகவும் வேறிடத்தில் முகம் காட்டும். டிரைவ்டிரெயினைப் பிரிப்பதற்கு முன் ட்ரெய்லர் தானாக உருள்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

பிப்ரவரி 10: மலையடிவாரம், மேகமூட்டம்

இன்று வேறொரு குறை. நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, 0 முதல் 25 கி.மீ. வரை, தரைக்கு அடியில் ஒரு கடகடப்பு. ஆறாவது கியர் உதறலோடு இதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. கிளம்பும்போது லாக்-அப் பூட்டியே இருக்காது. ஒரே வண்டியில் இரண்டு நோய் இருக்கலாம் என்பதை மறந்தால் இரண்டையும் தவறாகப் படிப்போம்.

தூரத்திலிருந்து பார்த்தாலே பிக்கப்பின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் வானம் பார்த்து நிற்பது தெரிந்தது. ட்ரெய்லரின் மூக்கு எடை, அதாவது கொக்கி மேல் செங்குத்தாக இறங்கும் எடை, மொத்த எடையில் 10 சதவீதத்தை ஒட்டி இருப்பது பொதுவான வழக்கம். இறுதி வரம்பு வண்டியின் கையேட்டிலும் கொக்கியின் தகட்டிலும் இருக்கும். இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. அதை அளக்க எடைமேடை தேவையில்லை. ஒரு தடித்த பலகை, இரண்டு இரும்புக் குழாய்த் துண்டு, வீட்டு எடைக் கருவி போதும். குழாய்களுக்கு இடையே 90 செ.மீ. இடைவெளி. ஒரு முனை எடைக் கருவி மேல், மறுமுனை அதே உயரக் கட்டை மேல். பலகை வைத்த பிறகு கருவியைப் பூஜ்யமாக்கி, கட்டைப் பக்கக் குழாயிலிருந்து 30 செ.மீ. தள்ளி ட்ரெய்லரின் மூக்கை இறக்கினால் கருவி மூன்றில் ஒரு பங்கைக் காட்டும். காட்டியது 86. மூன்றால் பெருக்கினால் 258 கிலோ. இந்த ட்ரெய்லருக்கு 190தான் இலக்கு. முன்பக்கம் அடுக்கியிருந்த கனமான பெட்டிகளை அச்சுகளுக்கு மேலே நகர்த்தியதும் 64 காட்டியது, அதாவது 192 கிலோ. அதற்கும் பின்னால் தள்ளக் கூடாது. மூக்கு இலேசானால் வேகத்தில் ட்ரெய்லர் வாலாட்டும், அது இதைவிடப் பெரிய ஆபத்து.

கடகடப்பு பாதியாகக் குறைந்தது. காரணம் ஷாஃப்ட் கோணம். யு-ஜாயின்ட் கோணத்தில் சுற்றும்போது ஒரு சுற்றுக்குள்ளேயே இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். ஷாஃப்டின் இரு முனைக் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டும். வித்தியாசம் ஒரு டிகிரிக்குள்ளும், ஒவ்வொரு கோணமும் 1 முதல் 3 டிகிரிக்குள்ளும் இருப்பது நல்லது. கோணம் பூஜ்யமானாலும் கெடுதல்தான், ஊசி பேரிங்குகள் ஒரே இடத்தில் நின்று தடம் பதிக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் இந்தச் சமன் குலையும். ட்ரெய்லர் மாட்டியபடியே கைபேசியின் கோணமானியை பினியன் ஃபிளாஞ்ச் முகத்திலும் ஷாஃப்டின் மேலும் வைத்து அளக்க வேண்டும். காலி வண்டியை லிஃப்டில் தூக்கி அளந்த கோணம் இழுவைக்கு உதவாது. சக்கரங்கள் தொங்கும்போது அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

குறைந்தது பாதிதான் என்பதால் மீதிப் பாதிக்கு வேறு காரணம் இருக்க வேண்டும். சமதளம், நான்கு சக்கரத்துக்கும் கட்டை, பார்க்கிங் பிரேக், கியர் நியூட்ரல். அடியில் படுத்து ஷாஃப்டை இரு கையாலும் முறுக்கி, பிறகு மேலும் கீழுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். பின் யு-ஜாயின்ட்டின் நடுவிலுள்ள சிலுவைத் துண்டான கிராஸின் ஒரு தொப்பியைச் சுற்றிச் செம்பழுப்புப் பொடி. கிரீஸ் வற்றி ஊசிகள் துருப்பிடித்து அரைபட்ட மாவு அது. கை அசைவில் ஆட்டம் மயிரிழைதான். ஆனால் டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போதெல்லாம் கேட்ட ‘டக்’ இதிலிருந்துதான். ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங்கின் ரப்பரையும் ஒரு நெம்புகோலால் அழுத்திப் பார்ப்பது நல்லது. விரிசல் விட்டு ஷாஃப்ட் தாராளமாக ஏறி இறங்கினால், கிளம்பும்போது வரும் கடகடப்புக்கு அதுவே முதல் குற்றவாளி. இங்கே ரப்பர் நன்றாக இருந்தது.

கிராஸ் மாற்றுவது ஒரு மதிய வேலை. கழற்றுவதற்கு முன் ஃபிளாஞ்சிலும் ஷாஃப்டிலும் பெயின்ட்டால் கோடு போட வேண்டும். அதே நிலையில் திரும்பப் பூட்டாவிட்டால் புதிதாக ஓர் அதிர்வை நாமே உண்டாக்குவோம். ஷாஃப்டின் நடுவே ஸ்ப்லைன் இணைப்பு இருந்தால் அதற்கும் கோடு, ஏனென்றால் ஒரு பல் தவறினாலே இரு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒரே தளத்தில் இருக்காது. சர்க்லிப்புகளைக் கழற்றி, வைஸில் ஒரு பக்கம் சிறிய சாக்கெட், மறுபக்கம் பெரிய சாக்கெட் வைத்துத் தொப்பிகளை வெளியே தள்ள வேண்டும். சுத்தியல் அடி வேண்டாம், யோக்கின் காது வளைந்துவிடும். புதியதை மாட்டும்போது ஊசி ஒன்று சாய்ந்து தொப்பியின் அடியில் விழுவதுதான் வழக்கமான விபத்து. அப்படி விழுந்தால் சர்க்லிப் தன் பள்ளத்தில் உட்காராது. மேலே தட்டி உட்கார வைக்க முயலாமல் பிரித்துப் பார்க்க வேண்டும். பூட்டி முடித்ததும் கிராஸ் கையால் எல்லாப் பக்கமும் ஆட வேண்டும். இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதில் செம்புச் சுத்தியலால் ஒரு லேசான தட்டு, அவ்வளவுதான். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராஸ் என்றால் நான்கு தொப்பியின் ஓரத்திலும் கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், சில காலம் கழித்து முதலில் வற்றப்போவது அந்தத் தொப்பிதான்.

பிப்ரவரி 11: ஏற்றம், குளிர், பிற்பகல் பனிமூட்டம்

கிளம்பும்போது இப்போது சத்தமே இல்லை. ஏற்றத்தில் மூன்றாவது சிக்கல் காத்திருந்தது.

சுமார் 1,400 மீட்டர் உயரத்தில், நான்காவது கியரில் முழு மிதியில், வண்டி மெதுவாகத் தளர்ந்தது. பின்னால் கரும்புகை. சில நிமிடத்தில் எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி லிம்ப் நிலைக்கு, அதாவது கணினி இன்ஜினைக் காக்கத் திறனைக் குறைக்கும் நிலைக்குப் போனது. எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் ஒரு வரம்புக்கு மேல் சுற்றவில்லை. இழுவை போனால் கியர்பாக்ஸைத் திட்டுவது எளிது. ஆனால் கியர்பாக்ஸ் நழுவினால் இன்ஜின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. இங்கே இரண்டும் சேர்ந்தே இறங்கின. குறை இன்ஜின் பக்கம்.

ஒதுங்கி நின்றதும் இன்ஜினை உடனே அணைக்கக் கூடாது. முழுச் சுமையில் ஏறிய டர்போ இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் ஓடி ஆற வேண்டும், இல்லையென்றால் அதன் பேரிங்கில் நின்ற எண்ணெய் கரியாகும். கோடு பி0299, டர்போ அழுத்தம் குறைவு. இந்தக் கோடு டர்போ கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. கேட்ட காற்று வந்து சேரவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது.

டீசல் இழுவைக் குறையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: காற்றா, எரிபொருளா? சுமையில் ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் குழாயின் அழுத்தம்) எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு வந்தது என்று அருகருகே பார்த்தால் கேட்டது 1,600 பார், வந்தது 1,590. எரிபொருள் தப்பித்தது. ஃபில்டர் அடைத்திருந்தால் வந்த எண் சுமை ஏற ஏறப் பின்தங்கும், ரெயில் அழுத்தம் குறைவு என்ற பி0087 எழுதப்படும், புகை இருக்காது. கரும்புகை என்றால் எரிபொருள் வந்து காற்று போதவில்லை என்று பொருள். அடுத்து உள்ளிழு குழாய் அழுத்தம். சாவி போட்டு இன்ஜின் ஓடாத நிலையில் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல், 1,400 மீட்டரில் 86 அளவு. காட்டியது 86. சென்சார் உண்மை பேசுகிறது. சுமையில் கேட்டது 230, வந்தது 165.

டர்போவுக்கும் இன்ஜினுக்கும் இடையில் எங்கோ காற்று கசிகிறது. ஐடிலில் கேட்காது, ஏனென்றால் அப்போது குழாயில் அழுத்தமே இல்லை. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் கீழ்ப்புறம், கிளாம்புக்கு ஒட்டி, எண்ணெய்ப் பசையோடு தூசி அப்பிய ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. துடைத்துவிட்டு ஹோஸை வளைத்தால் மூன்று செ.மீ. நீளப் பிளவு வாய் திறந்தது. விட்டால் மூடிக்கொண்டது. சூடாகி, அழுத்தம் ஏறி, இன்ஜின் தன் மவுண்ட்டில் முறுக்கிச் சாயும்போது மட்டும் திறக்கும் பிளவு. காலி வண்டிச் சோதனையில் இது எப்படி அகப்படும்?

ஹோஸில் நீளம் மிச்சம் இருந்ததால் பிளவுண்ட முனையை முழுதாக வெட்டி எறிந்து, குழாய் முனையிலும் ஹோஸின் உட்புறத்திலும் உள்ள எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவைத்து, கிளாம்பை மறுபடி பூட்டியாயிற்று. எண்ணெய்ப் பசை மேல் எவ்வளவு இறுக்கினாலும் முதல் ஏற்றத்திலேயே ஹோஸ் கழன்று பறக்கும். நீளம் இல்லாதவர்கள் தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கோன் டேப்பை இழுத்து இழுத்துப் பல அடுக்கு சுற்றி, பாதி மிதியோடு அடுத்த ஊர் வரை போகலாம். மின்சார இன்சுலேஷன் டேப் சூட்டில் குழைந்துவிடும். சாவியை அணைத்துச் சில நிமிடம் விட்டுப் போட்டதும் லிம்ப் விலகியது. கோடு மட்டும் நினைவில் இருந்தது. மறு ஏற்றத்தில் கேட்டது 230, வந்தது 226.

ஏற்றத்தின் பாதியில் கேட்ட பெரிய ‘ஹோ’ சத்தம் கோளாறு இல்லை. அது ரேடியேட்டர் விசிறியின் விஸ்கஸ் கிளட்ச் சூட்டில் முழுதாகப் பிடிக்கும் சத்தம். இன்ஜின் சுற்றோடு ஏறி இறங்குவதால் கியர்பாக்ஸ் நழுவுகிறது என்று பயந்தவர்கள் உண்டு. கூலன்ட் சூடு இறங்கியதும் அதுவும் அடங்கும். ஏற்றத்தில் சத்தமே வராமல் கூலன்ட் சூடு மட்டும் ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும்.

கியர்பாக்ஸ் எண்ணெய்ச் சூட்டைப் பற்றி ஒரு கணக்கு. தானாக மாறட்டும் என்று விட்டபோது ஐந்துக்கும் நான்குக்கும் இடையே ஓயாமல் தாவி 112 டிகிரி வரை போனது. கையால் நான்கில் நிறுத்தியதும், இன்ஜின் 2,400 சுற்றில் இரைந்தாலும், பத்து நிமிடத்தில் 94க்கு இறங்கியது. சூட்டை உண்டாக்குவது இன்ஜின் இரைச்சல் அல்ல, பூட்டாத கன்வெர்ட்டர். கியர் தாவும்போதெல்லாம் லாக்-அப் விடுபடுகிறது, எண்ணெய் கடையப்படுகிறது. 120ஐத் தாண்டினால் எண்ணெய் அரக்காகப் படியத் தொடங்கும். அதற்கு முன்பே ஒதுங்கி, நியூட்ரலில் இன்ஜினைச் சற்றுக் கூடுதல் சுற்றில் ஓடவிட்டு எண்ணெயைக் கூலர் வழியாகச் சுற்றவைக்க வேண்டும்.

பிப்ரவரி 12: நாள் முழுக்க மழை

நகர வழியில்லை. கியர் எண்ணெய் மாற்றினோம்.

லாக்-அப் உதறலுக்கு எண்ணெய் மாற்றம் மருந்தாகலாம், ஆகாமலும் போகலாம். எண்ணெயில் உள்ள உராய்வுச் சேர்மம் தேய்ந்திருந்தால் புது எண்ணெய்க்குக் கேட்கும். கிளட்சின் உராய்வுப் பட்டையே போயிருந்தாலோ, வால்வ் பாடியில் (எண்ணெயைக் கிளட்சுகளுக்குப் பங்கிடும் பாகம்) அழுத்தத்தை ஆளும் வால்வின் துளை தேய்ந்திருந்தாலோ கேட்காது. எண்ணெய் மாற்றம் முதலில் வருவதற்குக் காரணம் அது மலிவு என்பது மட்டும் அல்ல. கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றும்போது உள்ளே இருப்பது கண்ணில் படும். தட்டில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிற மெல்லிய பசை இருந்தால் இயல்பு. நகத்தில் நெருடும் உலோகச் செதில் இருந்தால் எண்ணெயை வாங்காமல் கியர்பாக்ஸ் பிரிப்பவரைப் பார்க்கலாம். தட்டின் அடியில் கறுப்பு நார்த்துகள் அதிகம் என்றால் கிளட்ச் பட்டை. இங்கே பசை மட்டும். எண்ணெய் பழுப்பு, லேசான கருகல் வாசம்.

வடிந்தது 4.3 லிட்டர். மொத்தம் 9 லிட்டருக்கு மேல் கொள்ளும் கியர்பாக்ஸில் மீதி கன்வெர்ட்டருக்குள்ளும் கூலருக்குள்ளும் தங்கிவிடும். ஆகவே ஒரு முறை மாற்றினால் பாதிதான் புதிது. சில நூறு கி.மீ. ஓட்டி மறுபடி, அப்புறம் இன்னொரு முறை என்று செய்தால்தான் புதிதின் பங்கு ஏறத்தாழ 85 சதவீதமாகும். எண்ணெயின் தரக்குறியீடு கையேட்டில் உள்ளதாகவே இருக்க வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று எழுதிய டப்பாவை லாக்-அப் உதறலுள்ள கியர்பாக்ஸில் ஊற்றிப் பரீட்சை பார்க்க வேண்டாம்.

வடிந்த அளவையே அளந்து ஊற்றி, இன்ஜின் ஐடிலில், எல்லாக் கியரிலும் சில விநாடி நிறுத்திவிட்டு பார்க்கில் வைத்து, கையேடு சொல்லும் எண்ணெய்ச் சூட்டில் மட்டம் பார்க்க வேண்டும். குளிர்ந்த எண்ணெயில் பார்த்து நிரப்பினால் சூடேறியதும் மட்டம் ஏறி, சுற்றும் பாகங்கள் அதை நுரைக்கவைக்கும். நுரைத்த எண்ணெயில் அழுத்தம் நிற்காது, புதிதாக ஒரு நழுவல் வரும். டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸில் மட்டத் திருகைக் கழற்றினால் மெல்லிய இழையாக ஒழுகி, சொட்டாகும் நேரத்தில் மூட வேண்டும். தார்ப்பாயின் கீழ் படுத்திருப்பவர் மேல் மழைநீரும் அதே இழையாக ஒழுகியது வேறு கதை.

பிப்ரவரி 14: கணவாய், இறக்கம், தெளிந்த வானம்

உச்சிவரை இழுவையில் குறையில்லை. இறக்கத்தில் மூன்றாவது கியரில் பூட்டி, பிரேக்கை அழுத்தி விடுவித்து அழுத்தி விடுவித்து வந்தோம். ஆக்சிலரேட்டரை விட்டதும் பின் அச்சிலிருந்து மெல்லிய முனகல் வருகிறதா என்று கேட்க இதைவிட நல்ல இடம் கிடையாது. இழுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் கிரவுன்-பினியனின் இழுவை முகம். விடும்போது மட்டும் என்றால் மறுமுகம், அல்லது பினியன் பேரிங்கின் இறுக்கம் தளர்ந்திருக்கிறது. இரண்டிலும் மாறாமல், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடினால் சக்கர பேரிங். வலப்பக்க வளைவில் கூடினால் பெரும்பாலும் இடது சக்கரம், எடை அங்கேதான் சாய்கிறது. இந்த வண்டியில் மூன்றும் இல்லை. அடிவாரத்தில் ஹப்புகள் நான்கும் ஒன்றுக்கொன்று எட்டு டிகிரிக்குள்.

சமவெளிக்கு வந்ததும் முதல் நாள் சோதனையையே திரும்பச் செய்தோம். 80 கி.மீ., ஆறாவது கியர், லேசான மேடு. உதறல் கையால் உணர முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. ஆனால் ஸ்கேனரில் நழுவல் இன்னும் 5க்கும் 25க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது. எண்ணெய் பாதிதான் புதிது என்பதால் இதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. மீதி இரண்டு எண்ணெய் மாற்றங்களுக்குப் பிறகும் இந்த ஆட்டம் நீடித்தால் கன்வெர்ட்டரையும் வால்வ் பாடியையும் பார்க்க வேண்டும். கன்வெர்ட்டருக்காகக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருப்பதால் யூகத்தில் செய்யும் வேலை இல்லை. அதுவரை ட்ரெய்லரோடு ஆறாவது கியர் கிடையாது. ஐந்தில் 1,900 சுற்றில் ஓடுவதால் கூடுதலாகச் செலவாகும் டீசல், ஒரு கன்வெர்ட்டரின் விலைக்கு முன் பேச்சே இல்லை.

பட்டறைக்குத் திரும்பப் போகும்போது ட்ரெய்லரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதே சரக்கு, அதே மூக்கு எடை, கியர் எண்ணெய் 85 டிகிரியைத் தாண்டும் வரை ஓட்டம், அப்புறம் ஸ்கேனரோடு மெக்கானிக் பக்கத்து இருக்கையில். நழுவல், இன்ஜின் சுற்று, வேகம், கியர், எண்ணெய்ச் சூடு ஆகிய ஐந்து வரிகளை ஒரே பதிவில் சேர்க்கச் சொல்லுங்கள். வரிகள் கூடக் கூட ஸ்கேனர் ஒவ்வொன்றையும் புதுப்பிக்கும் இடைவெளி நீளும். பதினைந்து வரி வைத்தால் இரண்டு விநாடி உதறல் இடைவெளிக்குள் நழுவிப் போய்விடும்.